கேட் வரைக்கும்

பத்தாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதம் என் மகனுக்குத் திங்கட்கிழமைகளில் மட்டும் வயிற்றுவலி வந்தது. அப்புறம் தினமும் காலை ஏழரைக்கு. ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. ஜூலை கடைசியில் ஒரு நாள் சீருடையோடு குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். மூச்சு இரைத்தது, விரல்கள் மடங்கி விறைத்துக்கொண்டன. "செத்துடுவேன்மா" என்றான். அன்றிலிருந்து மூன்று மாதம் வாசற்படி தாண்டவில்லை. பொதுத்தேர்வு வருடம் வேறு, எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

"நாலு அறை விட்டா தானா போவான்" என்றார் அண்ணன். மாமியார் கயிறு மந்திரித்து வாங்கி வந்தார். அவன் அப்பா செல்போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். நானோ "சரி கண்ணா, இன்னைக்கு வேண்டாம்" என்றே நாட்களைத் தள்ளினேன். முடிவெட்டவும் ஆளை வீட்டுக்கே வரவழைத்தேன்.

ஓர் இரவு 11 மணிக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்தேன். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசினார்கள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். அவன் வர மறுத்ததால் முதல் தடவை நான் மட்டும் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன். டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பயம் உச்சத்துல இருக்கும்போது உள்ள ஓடி வந்துட்டா, ஓடினதாலதான் பிழைச்சேன்னு மனசு கத்துக்கும். அங்கயே நின்னா பயம் தானா இறங்கும். ஆனா நீங்க தள்ளிவிடாதீங்கம்மா. எவ்வளவு தூரம்னு பையனே சொல்லட்டும்." பிறகு அவனிடமும் பேசிப் பார்த்துவிட்டு மாத்திரையும் தொடங்கினார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

அவனே நோட்டில் பயத்துக்கு மார்க் போட்டான். வாசற்படி 3. கேட் 5. தெருமுனை மளிகைக் கடை 8. பள்ளிக்கூடம் 10, அதற்குக் கீழே இரண்டு கோடு.

கேட்டுக்குப் போகிற அன்று அவன் செருப்பை எடுத்தேன். மூன்று மாதத் தூசி. துடைத்து வைத்தேன். காலை நுழைத்தான், பத்தவில்லை. வீட்டுக்குள்ளேயே பிள்ளை வளர்ந்திருக்கிறான், நான் கவனிக்கவே இல்லை. அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.

கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"எவ்வளவுடா?"

"ஏழு."

கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போனார். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. உள்ளே வந்துவிடு என்று சொல்ல என் வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். பதினெட்டு நிமிடம் கழித்து "நாலு" என்றான்.

போன வாரம் கடைக்குத் தனியாகப் போய் அரை லிட்டர் பால் வாங்கி வந்தான். பதற்றத்தில் மீதிச் சில்லறையை வாங்கவில்லை.

"நாளைக்குப் போய் வாங்கிட்டு வரேன்மா" என்றான்.