வியாழனுக்குப் போகும் ஜூஸ்: என் நாட்குறிப்பு

ஏப்ரல் 14, 2023

மின்னல் அபாயம் என்று நேற்று தள்ளிப்போட்டார்கள். சித்திரை முதல் நாளான இன்று மாலை 5.44க்கு, பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து, ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஜூஸ் விண்கலத்தைச் சுமந்துகொண்டு ஏரியான் 5 ராக்கெட் ஏறிவிட்டது. சூரியத் தகடுகள் விரிந்த செய்தி வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மொத்தம் 85 சதுர மீட்டர்! வியாழனிடம் வந்து சேரும் வெயில் இங்கே விழுவதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான், அதனால் இவ்வளவு பெரிசு தேவைப்படுகிறது. போய்ச் சேர 2031 ஜூலை ஆகும்.

மே 13, 2023

ரைம் ஆண்டெனா நேற்று விடுபட்டது! வியாழனின் நிலாவான கனிமீடின் பனிக்கடியில் 9 கிலோமீட்டர் வரை துருவப்போகும் 16 மீட்டர் ரேடார் ஆண்டெனா அது. ஒரு சின்னஞ்சிறு ஊசி சிக்கிக்கொண்டு, இத்தனை நாளாக மடங்கியே கிடந்தது. வெயிலில் திருப்பிக் காய வைத்தார்கள், எஞ்சினை இயக்கி உலுக்கினார்கள். கடைசியில் பிடிமானத்துக்குள் இருந்த ஒரு விசைக்கருவியை வெடுக்கென்று இயக்க, அந்த அதிர்ச்சியில் ஊசி சில மில்லிமீட்டர் நகர்ந்தது. ஜெர்மனியின் தார்ம்ஸ்டாட் கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்து இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 21, 2024

நேற்று அதிகாலை சந்திரன், இன்று அதிகாலை 3.26க்கு பூமி. அடுத்தடுத்து இரண்டின் ஈர்ப்பையும் பயன்படுத்தித் திரும்புவதை இதற்குமுன் எந்தக் கலமும் செய்ததில்லை. பூமியை 6,840 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தபோது, சூரியனைச் சுற்றும் வேகத்தில் நொடிக்கு 4.8 கிலோமீட்டர் குறைந்தது. வியாழனுக்குப் போகிற கலம் வேகத்தை இழக்கலாமா? இழந்தால்தான் உள்பக்கமாக வெள்ளிக்கு இறங்க முடியும், அங்கே வேகம் ஏற்றிக்கொள்ள முடியும். ஆறு டன் எடையை நேராக வியாழனுக்கு வீச ஏரியானுக்கு வலு போதாது.

அக்டோபர் 15, 2024

வியாழனின் இன்னொரு நிலாவான யூரோப்பாவை ஆராயப்போகும் நாசாவின் யூரோப்பா கிளிப்பர் கலமும் நேற்றிரவு கிளம்பிவிட்டது. பின்னால் புறப்பட்டாலும் 2030 ஏப்ரலில் முதலில் சேர்வது அதுதான். போகட்டும், இரண்டுமே வேண்டும்.

ஆகஸ்ட் 26, 2025

ஜூலை 16 அன்று ஜூஸ் பேச்சை நிறுத்தியிருந்ததாம்! ஸ்பெயினின் செப்ரெரோஸ் நிலையத்துக்குச் சமிக்ஞை வரவில்லை, ஆஸ்திரேலியாவின் நியூ நோர்சியாவுக்கும் வரவில்லை. கலம் சுமார் 20 கோடி கிலோமீட்டர் தொலைவில். கட்டளை போய்ச் சேரவே 11 நிமிடம். தானாக மீளும் வரை காத்திருந்தால் இரண்டு வாரம் போயிருக்கும், வெள்ளிக்கான ஏற்பாடுகள் கெட்டிருக்கும். எனவே பதில் வராத திசைக்கே கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள், கிட்டத்தட்ட இருபது மணி நேரம். 17ஆம் தேதி அதிகாலை கலம் பதில் சொன்னது.

காரணத்தைப் படித்தபோது வியப்பாக இருந்தது. சமிக்ஞைப் பெருக்கியை இயக்கும் மென்பொருள் ஓர் உள்கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கிறது. அந்தக் கடிகாரம் 16 மாதத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். திரும்பிய அதே கணத்தில் பெருக்கிக்கான வேலையும் ஓட, பெருக்கி அணைந்தபடியே இருந்துவிட்டது. அப்புறம் என்ன, கலத்தின் எல்லாக் கருவிகளும் நலம்.

ஆகஸ்ட் 31, 2025

காலை 10.58க்கு வெள்ளியை 5,088 கிலோமீட்டரில் கடந்தது. படம் வராது என்பது முன்பே தெரியும். அங்கே வெப்பம் அதிகம், பெரிய ஆண்டெனாவையே குடையாகப் பிடித்துக்கொண்டு போகிறது. இனி 2026 செப்டம்பரிலும் 2029 ஜனவரியிலும் பூமி. 2034 டிசம்பரில் கனிமீடைச் சுற்றத் தொடங்கும். நம் நிலாவைத் தவிர வேறு கோளின் நிலாவை எந்தக் கலமும் இன்னும் சுற்றியதில்லை.