நாலு என்றால் எட்டு

பழைய மடிப்புக் கேமரா ஒன்று கைக்கு வந்தது. நூறு வயது இருக்கும். பெல்லோஸில் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே மடிந்து விரியும் துருத்தி) ஓட்டை இல்லை, ஷட்டரும் சொடுக்கியது, 120 ஃபிலிம் பொருந்தியது. வேறென்ன வேண்டும்? லென்ஸுக்குக் கீழே அப்பர்ச்சர் (வெளிச்சம் புகும் துளை) எண்கள்: 4, 8, 16, 32, 64. இடையில் வழக்கமாக இருக்கும் 5.6, 11, 22 எல்லாம் காணோம். இடம் பத்தாமல் விட்டிருப்பார்கள் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

100 ஐஎஸ்ஓ ஃபிலிம் போட்டு, லைட் மீட்டர் சொன்னபடியே எடுத்தேன். நிழலில் எடுத்தவற்றுக்கு 4, உச்சி வெயிலில் 16 வைத்து நொடியில் 1/100, இன்னும் சிலவற்றுக்கு 32 வைத்து 1/25. டெவலப் செய்து நெகட்டிவைப் பார்த்தால் குழப்பம். (நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: வெளிச்சம் குறைந்தால் வெளிறும், கூடினால் கறுக்கும்.) 4-இல் எடுத்தவை கண்ணாடி போல வெளிறிக் கிடந்தன. 16-இல் எடுத்தவை அருமை. 32-இல் எடுத்தவை தேவைக்கு மேல் கறுத்திருந்தன.

பழைய ஷட்டர் என்றால் ஸ்பிரிங் தளர்ந்து மெதுவாக ஓடும் என்பது தெரிந்த கதை. 32-இல் கறுத்ததற்கு அது சரியான விளக்கம். ஆனால் மெதுவாக ஓடும் ஷட்டர் நிழல் படங்களையும் கறுக்கத்தானே வைக்கும்? அவை ஏன் வெளிற வேண்டும்? இந்த முரணைச் சரியாக யோசிக்காமல், ஷட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு வாரம் வீணாக்கினேன். அடுத்த ரோலும் அதே மாதிரிதான் வந்தது.

அப்புறம்தான் ஸ்கேலை எடுத்தேன். எஃப் எண் என்பது ஃபோகல் லெங்த்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. தூரத்துக் காட்சிக்கு ஃபோகஸ் வைத்து, லென்ஸின் நடுவிலிருந்து ஃபிலிம் இருக்கும் இடம் வரை அளந்தால் ஃபோகல் லெங்த், ஏறக்குறைய 105 மி.மீ. அப்பர்ச்சரை 4-இல் வைத்து, முன்கண்ணாடி வழியாகத் தெரியும் துளையை அளந்தேன். (கண்ணாடியைக் கழற்றி உள்ளே இருக்கும் நிஜத் துளையை அளக்கக் கூடாது, முன்னாலிருந்து பார்க்கையில் தெரியும் அளவுதான் கணக்கு.) 13 மி.மீ. அதாவது எஃப்/8! எஃப்/4 ஆக இருக்க 26 மி.மீ. துளை வேண்டும். இந்த லென்ஸின் கண்ணாடியே அவ்வளவு அகலம் கிடையாது. முதல் நாளே கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த எண்கள் எஃப் எண்களே அல்ல. 1881-இல் பிரிட்டனின் போட்டோகிராஃபிக் சொசைட்டி கொண்டுவந்த 'யூனிஃபார்ம் சிஸ்டம்', சுருக்கமாக யு.எஸ். இதில் எஃப்/4-க்கு 1 என்று பெயர். ஒவ்வொரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் ஒரு படி) சுருக்கும்போதும் எண் இரட்டிக்கும்: எஃப்/5.6 என்றால் 2, எஃப்/8 என்றால் 4, எஃப்/11 என்றால் 8, எஃப்/16 என்றால் 16, எஃப்/22 என்றால் 32, எஃப்/32 என்றால் 64. இரண்டு எண் முறைகளும் கைகோப்பது 16-இல் மட்டும். அதனால்தான் அந்தப் படங்கள் மட்டும் தப்பித்தன. 4-இல் எனக்கு இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறைந்தது, 32-இல் ஒரு ஸ்டாப் கூடியது. பாவம், ஷட்டர் மேல் குற்றமே இல்லை.

யோசித்தால் இந்த முறையில் ஒரு நேர்த்தி இருக்கிறது. எண் இரட்டித்தால் எக்ஸ்போஷர் நேரமும் இரட்டிக்க வேண்டும், அவ்வளவுதான். 4-இல் ஒரு நொடி என்றால் 16-இல் நாலு நொடி. நொடிக்கணக்கில் திறந்து வைத்து எடுத்த காலத்தில், 5.6, 11 என்று விழிப்பதை விட இது எளிது. கோடாக் தன் மடிப்புக் கேமராக்களில் 1920கள் வரை இந்த எண்களைப் போட்டு வந்தது.

இப்போது பழைய லென்ஸ் எதைப் பார்த்தாலும் முதலில் எண்கள் எப்படி ஏறுகின்றன என்று பார்க்கிறேன். 4.5, 6.3, 9, 12.5, 18 என்று இருந்தால் பயமில்லை. அது ஐரோப்பியப் பழக்கம், உண்மையான எஃப் எண்களேதான், தொடங்கும் இடம்தான் வேறு. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரு மடங்கு என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். பழைய கோர்ஸ் (Goerz) நிறுவன லென்ஸ்களில் 6, 12, 24, 48 என்று வரும். அதைப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எஃப்/7.7, 11, 15.5, 22. ஆரம்பகால ஸைஸ் (Zeiss) நிறுவன லென்ஸ்கள் சிலவற்றில் எல்லாமே தலைகீழ். எண் பெரிதானால் துளையும் பெரிது. அங்கே எந்தச் சூத்திரத்தையும் நம்பாமல் ஸ்கேலை எடுத்துவிடுகிறேன்.

என் கேமராவின் அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்: 4-க்கு 8, 8-க்கு 11, 32-க்கு 22, 64-க்கு 32. 16-ஐ எழுதவில்லை. நிழலில் 4 வைக்கும்போது மட்டும் இன்னமும் ஒருமுறை கேமராவைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.