வெல் டன் கேக்குறவங்க

அமெரிக்காவுல ஹூஸ்டன் பக்கத்துல ஒரு ஸ்டேக்ஹவுஸ்ல, அதாவது தடியா வெட்டின மாட்டெறச்சித் துண்ட (ஸ்டேக்) கிரில்ல சுட்டுக் குடுக்கிற ரெஸ்டாரண்ட்ல, மூணு வருஷம் சர்வரா வேலை பாத்தேன், 2016 கடைசில இருந்து 2019 வரைக்கும். நாடு பூரா கிளை இருக்கிற செயின், பேரு வேண்டாம். என் மனைவி நர்ஸ், அவளுக்கு இங்க டெக்சாஸ் மெடிக்கல் சென்டர்ல ஒரு ஆஸ்பத்திரில வேலை கிடைச்சு குடும்பத்தோட கிரீன் கார்டுல வந்தோம். நாகர்கோவில்ல நான் மருந்து கம்பெனி ரெப்பா பைக்ல சுத்தினவன், இங்க அந்த அனுபவத்த யாரும் கணக்குலயே எடுக்கல. அவளுக்கு வாரத்துல மூணு நாள் 12 மணி நேர ட்யூட்டி, பொண்ணுக்கு அப்போ நாலு வயசு, மனைவி வீட்ல இருக்கிற நாள்ல மட்டும்தான் நான் வெளிய போக முடியும், அப்படி நாள் பாத்து ஷிஃப்ட் குடுக்க சம்மதிச்சது ஒரு ரெஸ்டாரண்ட்தான்.

எங்க ஊர் பக்கம் மாட்டெறச்சின்னா மரச்சீனிக் கிழங்கோட வைக்கிற குழம்பு, இல்லன்னா தேங்காய்க் கொத்தும் நல்லமிளகும் போட்டு கருகக் கருக வறுத்தது. உள்ள சிவப்பா இருந்தா அது வேகாத எறச்சி, அடுப்புல திருப்பி வைன்னு அம்மா சொல்லிடும். அப்படி வளந்தவன் ட்ரெய்னிங்ல போய் உக்காந்தா முதல் நாளே டெம்ப் பாடம், அதாவது ஸ்டேக் உள்ள எவ்வளவு வேகணும்ங்கறது. ரேர்னா நடுவுல குளுந்த சிவப்பு, மீடியம் ரேர்னா வெதுவெதுப்பான சிவப்பு, மீடியம்னா ரோஸ், மீடியம் வெல்னா லேசா ரோஸ் தெரியும், வெல் டன்னா ரோஸே தெரியக்கூடாது. மீடியம் ரேர் 130ல இருந்து 135 டிகிரி ஃபாரன்ஹீட், வெல் டன் 160க்கு மேல. இதெல்லாம் மனப்பாடம் பண்ணி டெஸ்ட் எழுதினேன், பாஸ் பண்ணேன். ஆனா டேபிள்ல போய் நின்னப்பதான் தெரிஞ்சது, மீடியம் ரேர்னு சொல்ற பத்து பேரும் பத்து விதமா மனசுல வச்சிருக்காங்க. ஒருத்தர் சிவப்பு கேக்குறாரு, இன்னொருத்தர் டிவில சமையல்காரங்க சொல்றத கேட்டு அப்படித்தான் சொல்லணும்னு சொல்றாரு, தட்டு வந்ததும் ரத்தம் வருதுங்கறாரு. அது ரத்தமே இல்ல, மயோகுளோபின்னு தசைக்குள்ள இருக்கிற ஒரு புரதம் தண்ணியோட சேந்து வர்றது, ரத்தம் கசாப்புக்கடையிலயே போயிடுது. ஆனா அதப் போய் பசியோட இருக்கிற ஆள்கிட்ட பாடம் நடத்த முடியாது. அதனால நான் பேரு கேக்குறத விட்டுட்டு, உள்ள என்ன கலர்ல இருந்தா உங்களுக்குப் பிடிக்கும்னு கேக்க ஆரம்பிச்சேன். இந்த ஒரு கேள்வி எனக்கு எத்தன தட்டு திரும்பிப் போகாம காப்பாத்துச்சுன்னு சொல்லி முடியாது.

தட்ட வச்சதும் உடனே நகரக்கூடாதுங்கறதும் அங்க கத்துக்கிட்டதுதான். நடுவுல ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கன்னு சொல்லிட்டு நிக்கணும், ஓரத்துல வெட்டினா எல்லா ஸ்டேக்கும் வெந்த மாதிரிதான் தெரியும். கம்மியா வெந்திருந்தா சரி பண்ணலாம், திருப்பி கிரில்ல வச்சா ரெண்டு நிமிஷம். அதிகமா வெந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது, புதுசா போடணும், அதத்தான் ரீஃபயர்னு சொல்லுவாங்க, அந்த வார்த்தைய கேட்டாலே கிச்சன்ல மூஞ்சி மாறும். இன்னொண்ணு, ஸ்டேக் கிரில்ல இருந்து எடுத்தப்புறமும் உள்ள வெந்துக்கிட்டே இருக்கும். கிச்சன்காரங்க தட்ட வைக்கிற ஜன்னல்ல, சூடு ஆறாம இருக்கப் போடுற ஹீட் லேம்ப் அடியில அஞ்சு நிமிஷம் கிடந்தா மீடியம் ரேர் மீடியம் ஆயிடும், அதுக்கு கிரில்காரரு பொறுப்பில்ல, நேரத்துக்கு வந்து எடுக்காத சர்வர்தான் பொறுப்பு.

நான் சொல்ல வந்தது வெல் டன் கேக்குறவங்களப் பத்தி. இந்தத் தொழில்ல அவங்கள மதிக்கிறதில்ல. ஆர்டர் சீட்டுல வெல் டன்னு வந்தா கிச்சன்ல ஒரு பெருமூச்சு கேக்கும், இருக்கிறதுலயே மெலிசான துண்டு, ஓரத்துத் துண்டு, நரம்பு ஓடுறது, அதெல்லாம் ஒதுக்கி வச்சு வெல் டனுக்குப் போடுற பழக்கம் இந்தத் தொழில்ல ரொம்ப காலமா இருக்கு, எப்படியும் ருசி தெரியப் போறதில்லன்னு ஒரு நினைப்பு. சர்வருங்களுக்கும் பிடிக்காது, 20 நிமிஷத்துக்கு மேல ஆகும், டேபிள் காலியாகாது. யாரு வெல் டன் கேப்பாங்கன்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு ஓடும், கறுப்பினக் குடும்பங்க, மெக்சிகோ பாட்டிங்க, நம்ம இந்தியக் குடும்பங்க. அதே ஆளுங்க டிப்பும் வைக்க மாட்டாங்கன்னு அதே மூச்சுல சொல்லுவாங்க, அவங்க வந்து உக்காந்தா டேபிள மாத்திக்கலாமான்னு பின்னாடி நின்னு பேரம் பேசுவாங்க. இதக் கேட்டுக்கிட்டு ஆரம்பத்துல நானும் சும்மாதான் இருந்தேன், அது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

ஒரு ஞாயித்துக்கிழமை, சர்ச் முடிஞ்சு வந்த ஒரு கறுப்பினக் குடும்பம், ஒம்பது பேரு, நடுவுல பாட்டி, ஊதாக் கலர் தொப்பி போட்டிருந்தாங்க, அன்னைக்கு அவங்களுக்குப் பொறந்தநாள். சர்லாயின்னு மாட்டு இடுப்புப் பக்கத்து ஸ்டேக் கேட்டாங்க, ரோஸ் துளிகூட இருக்கக்கூடாது பேபின்னு சொன்னாங்க. வந்தது உள்ளங்கை அளவுக்குச் சுருங்கின ஒரு துண்டு, ஓரமெல்லாம் கரி. அவங்க கத்திய வச்சு அறுத்தாங்க, அறுபடல, கத்திய மாத்திப் பிடிச்சு இன்னொரு தடவ அறுத்தாங்க, தட்டு நகந்து தண்ணி கிளாஸ்ல இடிச்சுது. எப்படி இருக்குன்னு கேட்டேன், நல்லா இருக்குப்பான்னு சொல்லிட்டு கத்திய கீழ வச்சுட்டு பேக்டு பொட்டேட்டோவ சாப்பிட ஆரம்பிச்சாங்க. திருப்பி அனுப்பல, கோவப்படல. இத்தன வருஷமா அவங்களுக்கு இப்படித்தான் வந்திருக்கு, இதுக்கு மேல வராதுன்னு அவங்களுக்குத் தெரியும், அதுதான் எனக்குத் தாங்கல. எங்க அம்மா அந்த நாற்காலில உக்காந்திருந்தா இதேதான் நடந்திருக்கும், இதே மாதிரிதான் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கும். நான் மேனேஜர கூட்டிட்டு வந்து வேற போட்டுத் தரச் சொல்லியிருக்கணும், கடை நெரிசல்ல கேக் எடுக்கப் போயிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி கடை மூடினப்புறம் கிரில்ல நிக்கிற மெக்சிகோ அண்ணன்கிட்ட பேசினேன். பதினஞ்சு வருஷமா கிரில்ல நிக்கிற மனுஷன், தொட்டே டெம்ப் சொல்லுவாரு. எங்க வீட்லயும் எல்லாரும் வெல் டன்தான்னாரு. அப்புறம் அவரே காட்டிக் குடுத்தாரு, தடி துண்ட பக்கவாட்டுல கத்திய விட்டு புத்தகத்த விரிக்கிற மாதிரி விரிச்சா பாதி நேரத்துல வெந்துடும், வெளிய கருகாது, அதுக்குப் பேரு பட்டர்ஃப்ளை. ரிப்ஐன்னு விலாப் பக்கத்துத் துண்டு, கொழுப்பு ஓடுறதால நல்லா வெந்தாலும் சாறு நிக்கும், சர்லாயின் கொழுப்பு கம்மி, அதுதான் கட்டை மாதிரி ஆகுது. அதுக்கப்புறம் வெல் டன் கேட்டா நான் டேபிள்லயே சொல்லிடுவேன், முழுசா வேணும்னா 25 நிமிஷம் ஆகும், விரிச்சுப் போட்டா சீக்கிரம் வரும், மிருதுவா வேணும்னா ரிப்ஐ எடுங்க, கூடக் கொஞ்சம் காசு. இதச் சொன்னதும் அவங்க முகத்துல ஒரு மாற்றம் வரும், வெல் டன் கேட்டதுக்கு யாரோ மொத தடவயா மரியாதையா பதில் சொன்ன மாதிரி. அந்தப் பாட்டி நாலஞ்சு மாசம் கழிச்சு திரும்ப வந்தாங்க, எனக்குப் பிரிச்சுக் குடுத்த டேபிள் இல்ல, கேட்டு வாங்கிக்கிட்டேன். ரிப்ஐ, விரிச்சுப் போட்டது. கொழுப்பு மட்டும் ஓரமா ஒதுக்கி வச்சுட்டு தட்ட காலி பண்ணாங்க.

சம்பளத்தப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இது எல்லாத்துக்கும் அடியில அதுதான் கிடக்கு. டெக்சாஸ்ல டிப் வாங்குற ஆளுக்கு முதலாளி குடுக்க வேண்டிய கம்மிக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட், 1991ல வச்ச கணக்கு, இன்னும் ஏத்தல. டிப்போட சேத்து பொதுவான கம்மிக் கூலி மணிக்கு 7.25 டாலர் வரலன்னா மீதிய முதலாளி போடணும்னு சட்டம். டிப்புக்கும் சேத்து வரிய அந்த 2.13லயே பிடிச்சுக்குவாங்க, அதனால சில வாரம் என் சம்பள ஸ்லிப்ல கையில வர்றது 0.00ன்னு இருக்கும். அதுக்கு மேல, வித்ததுல இத்தன சதவீதம்னு பார்காரருக்கும் டேபிள் துடைக்கிற பையனுக்கும் நாங்க பிரிச்சுக் குடுக்கணும், 100 டாலருக்கு சாப்பிட்ட டேபிள் ஒண்ணும் வைக்காம எழுந்து போனா அந்தப் பங்கு என் பாக்கெட்ல இருந்துதான் போகும். இப்படி இருக்கும்போது வாசல்ல நுழையிற ஆள பாத்ததுமே இவன் எவ்வளவு வைப்பான்னு கண்ணு தானா எடை போட ஆரம்பிச்சுடுது. அது தப்பு, ஆனா மனுஷங்கள அப்படி எடை போட வைக்கிறது அந்த 2.13தான். எடை கம்மின்னு முடிவு பண்ணா கவனிப்பு குறையுது, கவனிப்பு குறைஞ்சா டிப் குறையுது, பாத்தியா நான் சொன்னேன்லன்னு அடுத்த ஆள்கிட்ட சொல்றாங்க. இந்தச் சுத்துல இருந்து வெளிய வரணும்னு நான் ஒண்ணு வச்சுக்கிட்டேன், கடை மூடுற வரைக்கும் பில் ஃபோல்டர திறந்து டிப் எவ்வளவுன்னு பாக்க மாட்டேன், கார்ட திருப்பிக் குடுத்துட்டு சிலிப்ப அப்படியே ஏப்ரன்ல போட்டுடுவேன், கடைசில உக்காந்து மொத்தமா கணக்கு போடுவேன். யாரு எவ்வளவு வச்சாங்கன்னு தெரியாததால அடுத்த டேபிளுக்கு அதே முகத்தோட போக முடிஞ்சுது.

நம்ம ஆளுங்க வரும்போது வேற ஒரு கவலை. ஒரு நாள் ஒரு தமிழ்க் குடும்பம், வீட்ல பெரியவங்க சுத்த சைவம், ஏதாவது சாப்பிட முடியுமான்னு ஆசையா கேட்டாங்க. பேக்டு பொட்டேட்டோ, சாலட், கிரீன் பீன்ஸ்னு நானே சொன்னேன். பாதி சாப்பிட்டப்புறம்தான் எனக்கு உறைச்சுது, அந்த பீன்ஸ பேக்கன் போட்டுத்தான் வேக வைப்பாங்க, பன்றிக் கொழுப்பு. சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. போய்ச் சொன்னேன். அந்த ஐயா ஸ்பூன வச்சுட்டு ஒண்ணும் பேசல, அந்தம்மா எழுந்து பாத்ரூம் பக்கம் போனாங்க, பையன்தான் சொன்னதுக்கு தேங்க்ஸ் அண்ணான்னான். ஏன் போய்ச் சொன்ன, பில்லுல தள்ளுபடி போட வேண்டியதாச்சேன்னு மேனேஜர் என்னைய சத்தம் போட்டாரு, அந்த வார்த்தைய நான் இன்னும் மறக்கல. அதுல இருந்து மெனுல இருக்கிற ஒவ்வொரு பொருள்லயும் என்ன போடுறாங்க, எது எந்த எண்ணெய்ல பொரியுது, சிக்கனும் பீஃபும் ஒரே கிரில்லயா, எல்லாத்தையும் கிச்சன்ல நின்னு கேட்டு ஒரு குட்டி நோட்ல எழுதி ஏப்ரன்லயே வச்சுக்கிட்டேன்.

2019ல வேற வேலை கிடைச்சு நின்னுட்டேன். அதுக்கு முந்துன வாரம்தான் அம்மா ஊர்ல இருந்து வந்துச்சு, நான் வேலை பாக்குற கடைய பாக்கணும்னு சொல்லிச்சு. லீவு நாள்ல கூட்டிட்டுப் போனேன், புதுசா சேந்த ஒரு பொண்ணு சர்வ் பண்ணிச்சு, நான் ட்ரெய்ன் பண்ண பொண்ணுதான். அம்மா என்னப் பாத்து, நல்லா வேகட்டும்னு சொல்லுலேன்னுச்சு. நான் வாயத் திறக்குறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு அம்மா பக்கமா குனிஞ்சு, ரெண்டு கையையும் புத்தகம் மாதிரி விரிச்சுக் காட்டி, இப்படிப் போடட்டுமான்னு கேட்டுச்சு. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, கைய பாத்து தலைய ஆட்டிச்சு. தட்டு வந்ததும் நடுவுல வெட்டச் சொல்லி அந்தப் பொண்ணு நின்னுச்சு. அம்மா வெட்டி, உள்ள உத்துப் பாத்துட்டு, ஒரு துண்ட வாயில போட்டு மென்னுச்சு. எறச்சி பதமாத்தான் இருக்கு, நல்லமிளகுதான் காணாதுன்னு என்கிட்ட சொல்லிட்டு, அந்தப் பொண்ணோட கைய பிடிச்சு ரெண்டு தட்டு தட்டிச்சு.