உட்ஃபோர்டை நம்பிக் கடைசிவரை இருந்தவர்கள்

பலருடைய பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் ஃபண்ட் மேனேஜர் மேல் நம்பிக்கை போவது என்று பேச்சு வந்தாலே எனக்கு பிரிட்டனின் நீல் உட்ஃபோர்ட்தான் ஞாபகத்துக்கு வருவார். 1990களின் கடைசியில் எல்லோரும் டாட்காம் (இணைய கம்பெனி) பங்குகளுக்குப் பின்னால் ஓடியபோது அவர் சிகரெட் கம்பெனிப் பங்குகளை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். 2008 நிதி நெருக்கடிக்கு முன்பே வங்கிப் பங்குகளை விட்டு விலகியிருந்தார். இரண்டு முறையும் அவர் கணக்குதான் சரியாக வந்தது. அதனால் இன்வெஸ்கோ பெர்பெச்சுவல் என்ற முதலீட்டு நிறுவனத்தில் கால் நூற்றாண்டு இருந்துவிட்டு 2014இல் அவர் தனியாகத் தொடங்கியபோது, சாதாரணக் குடும்பங்கள் ஓய்வுக்காலச் சேமிப்போடு பின்னாலேயே போய்விட்டன. 2017இல் அவருடைய ஈக்விட்டி இன்கம் ஃபண்டில் 1,000 கோடி பவுண்டுக்கு மேல் இருந்தது.

அந்த வருடம்தான் சறுக்கலும் தொடங்கியது. ஆகஸ்டில், அவர் ஃபண்டில் இருந்த ப்ராவிடென்ட் ஃபைனான்ஷியல் என்ற கடன் கம்பெனியின் பங்கு ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தது, அப்புறம் வேறு சில பங்குகளும் விழுந்தன. எந்த நிபுணருக்கும் தேர்வு தவறும், அதை நான் குற்றமாக நினைக்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். எந்த நாளும் பணத்தை எடுக்கலாம் என்று சொன்ன ஃபண்ட் அது. ஆனால் உள்ளே, சந்தையில் பட்டியலிடப்படாத, நினைத்தவுடன் விற்க முடியாத சின்னக் கம்பெனிகள் நிறைய. நம்பிக்கை போனவர்கள் வெளியேற வெளியேற, அவர்களுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும், அதற்கு உடனே விலைபோகும் பெரிய கம்பெனிப் பங்குகளைத்தான் விற்க முடியும். அப்படி விற்க விற்க, புதிதாக ஒன்றும் வாங்காமலேயே மிச்சமிருக்கும் ஃபண்டில் விற்க முடியாத சரக்கின் விகிதம் ஏறிக்கொண்டே போகும். அதற்கு 10 சதவீத வரம்பு இருந்தது. வரம்பைத் தாண்டாமலிருக்க அவற்றில் சில கம்பெனிகளை கேர்ன்சி தீவின் சந்தையில் பட்டியலிட்டார்கள். காகிதத்தில் கணக்கு சரியாகிவிட்டது, ஆனால் அங்கே வாங்க ஆள் ஏது?

ஆக, சீக்கிரம் சந்தேகப்பட்டவர்களுக்கு முழுப் பணமும் கைக்கு வந்தது. “25 வருட அனுபவம் உள்ள மனிதர், மீண்டு வருவார்” என்று பொறுத்திருந்தவர்களிடம் விலைபோகாத பங்குகள்தான் தேங்கின. இங்கிலாந்தின் கென்ட் பகுதி உள்ளாட்சி அமைப்பான கென்ட் கவுன்டி கவுன்சில் தன் ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து போட்டிருந்த சுமார் 25 கோடி பவுண்டைத் திரும்பக் கேட்டபோது கொடுக்க வழியில்லை. 2019 ஜூன் 3 அன்று, யாரும் பணம் எடுக்க முடியாதபடி ஃபண்டை முடக்கினார்கள். அப்போது மீதி இருந்தது ஏறக்குறைய 370 கோடி பவுண்டு. அக்டோபரில், இனி திறக்கப் போவதில்லை, கலைத்துவிடுகிறோம் என்றார்கள்.

இதில் இன்னொரு நிபுணர் கூட்டமும் உண்டு, அவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. ஹார்கிரீவ்ஸ் லான்ஸ்டவுன் என்ற பெரிய முதலீட்டுத் தளம், தன் வாடிக்கையாளர்களுக்குச் சிபாரிசு செய்யும் சிறந்த ஃபண்டுகளின் பட்டியலில் இந்த ஃபண்டை முடக்கப்படும் நாள் வரை வைத்திருந்தது. ஃபண்டுக்குள் என்ன இருக்கிறது என்று துருவிப் பார்க்க ஒரு ஆசிரியருக்கோ நர்ஸுக்கோ நேரம் இருக்காது, அதற்காகத்தானே அந்தப் பட்டியல்! மேனேஜர் மேல் நம்பிக்கை இழந்தவர்களைவிட, அந்தப் பட்டியல் மேல் நம்பிக்கை இழந்தவர்களின் வலிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பணம் உள்ளே சிக்கியிருந்த மாதங்களிலும் உட்ஃபோர்ட் நிறுவனம் நிர்வாகக் கட்டணத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அதை விட்டுக்கொடுக்கும்படி நாடாளுமன்றக் குழுவின் தலைவர் நிக்கி மார்கன் கேட்டும் விடவில்லை. ஃபண்டை மேற்பார்வையிட்ட லிங்க் நிறுவனம் வழியாக, சிக்கியவர்களுக்கு 23 கோடி பவுண்டு வரை இழப்பீடு என்று முடிவாகி, அதன் முதல் தவணை வர 2024 ஆனது. போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் அது முழு ஈடு இல்லை. 2025இல் பிரிட்டன் நிதிக் கட்டுப்பாட்டு ஆணையம் உட்ஃபோர்டுக்கும் அவர் நிறுவனத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 4.6 கோடி பவுண்டு அபராதம் என்று அறிவித்தது, அவர்கள் அதை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள்.