வீட்டுச் சமையலா, ஓட்டல் சாப்பாடா: கணக்கு எங்கே தப்புகிறது

ஓட்டல் பில்லைக் கையில் வாங்கியதும் "இந்தக் காசுக்கு வீட்டில் எல்லோரும் இரண்டு வேளை சாப்பிட்டிருக்கலாம்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. பல நாள் அது உண்மைதான், சில நாள் இல்லை. எந்த நாள் எது என்று கண்டுபிடிக்கக் கணக்குப் போட வேண்டும். பெரும்பாலோர் போடும் கணக்கில் ஒரு பக்கம் தட்டின் முழு விலை இருக்கும், மறுபக்கம் அரிசி பருப்பின் விலை மட்டும் இருக்கும். அப்படி ஒப்பிட்டால் வீட்டுச் சமையல் எப்போதுமே ஜெயிக்கும். மாதக் கடைசியில் பணம் எங்கே போனது என்பது மட்டும் புரியாது.

முதலில் ஓட்டல் பக்கம். ஒரு தட்டுக்கு 100 கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் சரி. உணவகத் தொழிலில் பரவலாகப் புழங்கும் கணக்குப்படி அதில் 28 முதல் 35 வரை சரக்குக்குப் போகும். ஏறக்குறைய அதே அளவு சம்பளத்துக்குப் போகும். இரண்டும் சேர்ந்து 65ஐத் தாண்டினால் கடை தள்ளாட ஆரம்பிக்கும். மீதியில் வாடகை, கேஸ், மின்சாரம், பாத்திரம், ரிப்பேர் எல்லாம் அடங்க வேண்டும். இவ்வளவும் போக முதலாளி கையில் நிற்பது பல கடைகளில் 3 முதல் 5தான், நன்றாக ஓடும் கடையில் 10 வரை போகலாம். ஆக, ஓட்டல்காரர் கொள்ளையடிக்கிறார் என்ற பேச்சு பெரும்பாலும் சரியில்லை. நாம் கொடுப்பதில் பெரும்பகுதி அடுத்தவர் உழைப்புக்கும் இடத்துக்கும்.

அப்படியானால் அதே தட்டை வீட்டில் 30க்குச் செய்துவிடலாமா? முடியாது. 30 என்பது மூட்டைக் கணக்கில், மொத்த விலையில் வாங்குபவரின் செலவு. நாம் சில்லறையில் வாங்கும்போதே அது 35, 40 ஆகிவிடும். எரிபொருள் சேர வேண்டும். வாங்கி வீணாகும் காய் சேர வேண்டும். நால்வருக்குச் சமைக்கும் வீட்டில் எல்லாம் சேர்த்து 45 முதல் 50 என்பது என் கணிப்பு. ஒருவருக்கு மட்டும் சமைத்தால் இது 60, 70க்குக்கூட ஏறும். ஒரு கட்டு கீரையில் கால்வாசி போட்டு மீதி அழுகும் வீட்டில் இன்னும் ஏறும்.

எரிபொருளைப் பலர் பெரிதாக நினைக்கிறார்கள். வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் முழு வேகத்தில் ஒரு மணி நேரம் எரிந்தால் சுமார் 150 முதல் 250 கிராம் கேஸ் போகும். 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு அரை மணி நேரம் முழுச் சக்தியில் ஓடினால் 1 யூனிட். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள், ஒரு தட்டுக்குச் சொற்பம்தான் வரும். விதிவிலக்கு மின்சார ஓவன். ஒரே ஒரு சின்னத் தட்டுக்காக அதை 20 நிமிடம் சூடேற்றுவது நிஜமாகவே செலவு.

கணக்கு தப்பும் முக்கியமான இடம் எடை. 100 கிராம் அரிசி வெந்தால் 280 முதல் 300 கிராம் ஆகும். பருப்பு, பயறு வகைகள் இரண்டரை மடங்கு ஆகும். இறைச்சி நேர்மாறு: எலும்பில்லாத ஒரு கிலோ வெந்த பிறகு சுமார் 750 கிராம்தான் மிஞ்சும். எலும்போடு வாங்கினால் சாப்பிடக்கூடிய பங்கு இன்னும் குறையும். வெங்காயத்தில் தோலும் முனையும் போக பத்தில் ஒன்பது பங்குதான் கைக்கு வரும். ஆகவே பச்சைச் சரக்கின் கிலோ விலையை ஓட்டல் தட்டின் எடையோடு நேராக ஒப்பிட்டால், மாவுப்பொருளில் வீட்டுச் செலவை மும்மடங்கு கூட்டிச் சொல்வீர்கள், இறைச்சியில் குறைத்துச் சொல்வீர்கள். எண்ணெய் இன்னொரு ஏமாற்று. "கொஞ்சம்தான் ஊற்றினேன்" என்பதை நம்பாமல், சமைப்பதற்கு முன்னும் பின்னும் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். மாவும் பருப்பும் முட்டையும் பிரதானமான எளிய சாப்பாட்டில் ஓட்டலுக்கும் வீட்டுக்கும் இடைவெளி மிகப் பெரியது, ஏனென்றால் அங்கே சரக்கு விலை தட்டு விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. குடிக்கும் பானங்களிலும் இதே கதை. இறைச்சி, மீன் போன்றவற்றில் சரக்கு விலையே நாற்பது சதவீதத்தை எட்டலாம், அதனால் இடைவெளி சுருங்கும். வெளியே போனால் தண்ணீர் குடித்துவிட்டு, வீட்டில் செய்யச் சிரமமான ஒன்றைச் சாப்பிடுவது கணக்குப்படி சரியான வழி.

வீட்டில் செய்யச் சிரமமானது எது? எண்ணெயில் முக்கிப் பொரிப்பதுதான் முதல் உதாரணம். நான்கு பேருக்குப் பொரிக்க வாணலியில் குறைந்தது முக்கால் லிட்டர் ஊற்றுகிறோம். பண்டம் உறிஞ்சுவது அதில் ஒரு சின்னப் பங்கு. மீதியை வடிகட்டி ஒன்றிரண்டு முறை பயன்படுத்தலாம், அதற்குமேல் அது கறுத்து, நுரைத்து, குறைந்த சூட்டிலேயே புகைய ஆரம்பிக்கும். மாதம் ஒருமுறை பொரிக்கும் வீட்டில் கொட்டுகிற எண்ணெயின் விலையே தட்டு விலையைத் தொட்டுவிடும். கடையில் அதே எண்ணெயில் நாள் முழுக்க வியாபாரம் நடக்கிறது. எண்ணெயை ஒழுங்காக மாற்றும் கடையா என்று மட்டும் பாருங்கள். கறுப்பு நிறம், அடங்காத நுரை, சாப்பிட்டபின் தொண்டைக் கரகரப்பு ஆகிய மூன்றும் இருந்தால் அங்கே பொரித்ததைத் தொடாதீர்கள்.

அடுத்தது சூடு. வீட்டு பர்னர் பொதுவாக 2 முதல் 4 கிலோவாட். பெரிய தீயில் வாணலியைப் புரட்டும் தொழில்முறை அடுப்பு இதைப் போலப் பல மடங்கு. வீட்டு ஓவன் 250 டிகிரியில் நின்றுவிடும், விறகு அடுப்பு 400 டிகிரியைத் தாண்டும். அந்தத் தீயில் பிறக்கும் கருகல் மணத்தை வீட்டில் கொண்டுவரப் பார்த்தால் காய் நீர் விட்டு அவிந்துபோவதுதான் மிச்சம். ஒரு தடவை செய்வதற்காக ஐந்தாறு அபூர்வ மசாலா வாங்க வேண்டிய பதார்த்தமும் இந்த வகைதான். பொடித்த மசாலா ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் மணம் இழந்துவிடும். ஒரு ஸ்பூன் போட்டு மீதியை அலமாரியில் வைத்தால், அந்த ஒரு தட்டின் விலை முழுப் பொட்டலத்தின் விலை.

நேரத்துக்கு வருவோம். "என் ஒரு மணி நேரச் சம்பளம் இவ்வளவு, அதனால் சமைப்பது நஷ்டம்" என்று சிலர் சொல்கிறார்கள். சமைக்காத அந்த ஒரு மணி நேரத்தை நிஜமாகவே காசாக்குபவருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு செல்லும். மற்றவர்கள் போட வேண்டிய கணக்கு வேறு: இன்று உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம், யார் உடம்பில் மிச்சம். பல வீடுகளில் எல்லா வேளையும் ஒரே ஆள்தான் சமைக்கிறார். அவருடைய உழைப்பைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டுதான் வீட்டுச் சாப்பாடு மலிவு என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இது அநியாயம். வாரத்தில் ஒரு வேளை அவருக்கு ஓய்வு என்று பட்ஜெட்டிலேயே தொகை ஒதுக்கினால், அந்தச் செலவை வீண் என்று யாரும் முணுமுணுக்க வேண்டியதில்லை.

நேரத்தைக் குறைக்கும் வழியை ஓட்டலிடமிருந்தே கற்கலாம். ஆர்டர் கொடுத்த பதினைந்து நிமிடத்தில் தட்டு வருவதற்குக் காரணம், வேலையில் முக்கால் பங்கு காலையிலேயே முடிந்திருப்பதுதான். வீட்டில் அதற்குச் சமமான முதல் வேலை வெங்காயம். ஒரு கிலோவை ஒரே நாளில் நறுக்கி, அகலமான வாணலியில் கொஞ்சம் எண்ணெயும் உப்பும் சேர்த்து, மிதமான தீயில் 45 முதல் 60 நிமிடம் பழுப்பாகும்வரை வதக்குங்கள். குறுகலான பாத்திரத்தில் போட்டால் நீர் விட்டு வேகுமே தவிர நிறம் ஏறாது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகிக் கசக்கும். ஒரு கிலோ சுருங்கி ஏறக்குறைய 250 முதல் 300 கிராம் வரும். ஐஸ் தட்டில் பங்குபோட்டு ஃப்ரீசரில் வைத்தால் ஐந்தாறு சமையலுக்கு ஆகும், ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் மிச்சம். வேகவைத்த பயறும் இப்படித்தான். அரைக் கிலோவை இரவில் ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்து, 200 கிராம் பொட்டலங்களாகப் போட்டால் இரண்டு மூன்று மாதம் தாங்கும்.

இதில் தப்பு நடக்கும் இடங்களும் உண்டு. ஏழு நாளைக்கான சமையலை ஞாயிற்றுக்கிழமையே முடித்து ஃப்ரிட்ஜில் அடுக்குவார்கள். சமைத்த உணவு ஃப்ரிட்ஜில் 3 முதல் 4 நாள்தான். நான்காம் நாளே சலிப்பு வந்து, ஐந்தாம் நாள் வெளியே ஆர்டர் போய், ஆறாம் நாள் டப்பா குப்பைக்குப் போகும். மூன்று நாளுக்கு மட்டும் சமையுங்கள், அதற்குமேல் உள்ளதை அன்றே உறைய வையுங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு உறைந்து இளகினால் மணல்போல் ஆகிவிடும். தயிர் சேர்த்த குழம்பு திரிந்துபோகும். சோறு நன்றாகத் தாங்கும், ஆனால் ஆறவைப்பதில் கவனம் வேண்டும். வெந்த சோற்றைப் பானையோடு மூடி வெளியே வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாமல் அந்தச் சூட்டில் முளைத்து நச்சு விடும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள்.

டெலிவரி தனிக் கணக்கு. செயலி நிறுவனங்கள் உணவகத்திடம் 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் வாங்குவது வழக்கம். அதை ஈடுகட்டப் பல கடைகள் செயலியில் விலையை ஏற்றி வைக்கின்றன. அதன்மேல் டெலிவரிக் கட்டணம், பேக்கிங். ஒரே தட்டுக்குக் கடையின் மெனு விலையையும் செயலியின் கடைசித் தொகையையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடக்கும் தூரத்தில் கடை இருந்தால் போய் வாங்கி வருவதே மேல். மூடிய டப்பாவில் ஆவி அடைத்து, பொரித்த பண்டம் பதினைந்து நிமிடத்தில் நமுத்துவிடும். அதிக விலை கொடுத்துக் குறைந்த தரத்தில் சாப்பிடுவதற்குத்தான் அந்தப் பணம்.

இத்தனையும் சொன்னபிறகும், என் பார்வையில் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் செலவு செய்யும் நாள். காலையில் காய் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்து, இரவு எட்டரைக்குப் பசியோடு போனை எடுத்து ஆர்டர் போடும் நாள். அன்றைக்கு ஓட்டல் தட்டின் விலை 100 மட்டுமல்ல, வீட்டில் வாடும் காயின் விலையும் சேர்ந்தது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி 2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. உணவகங்களின் பங்கு 28 சதவீதம்.

அதனால் ஒரு மாதம் கணக்கு எழுதுவதானால் மூன்று பத்திகள் போடுங்கள்: மளிகை, வெளியே சாப்பிட்டது, குப்பைக்குப் போனது. மளிகை பில்லில் சோப்பையும் துணி பவுடரையும் கழித்துவிடுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பிறகு தட்டுகளை எண்ணுங்கள். நால்வர், மூன்று வேளை, 30 நாள் என்றால் 360 தட்டு. வெளியே சாப்பிட்டது 40 என்றால் வீட்டுத் தட்டு 320. மளிகைத் தொகையை 320ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் வீட்டுத் தட்டின் உண்மையான சரக்கு விலை. மூன்றாவது பத்தி மளிகைத் தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், ஓட்டலைக் குறைப்பதற்கு முன் காய் வாங்குவதைக் குறையுங்கள். வாரத்துக்கு ஏழு நாள் சமையலுக்கு வாங்காமல் ஐந்து நாளைக்கு மட்டும் வாங்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வெளியே சாப்பிடும் நாளை முன்கூட்டியே, காய் வாங்கும்போதே முடிவு செய்யுங்கள். திடீரென்று கிளம்ப நேர்ந்தால் கிளம்புமுன் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். நாளைக்குத் தாங்காத கீரை இருந்தால், கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்கி, இறுகப் பிழிந்து உருண்டையாக ஃப்ரீசரில் வையுங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை. பிழியாமல் வைத்தால் பனிக்கட்டியாக உறைந்து, இளகும்போது சக்கையாகிவிடும்.