பதிவுத் தாளில் இல்லாத ஒரு வரியால் போன மூன்று வாரம்

எரிமலைத் தீவைச் சுற்றியுள்ள கடலடித் திட்டின் வண்டல் வரைபடம் ஒரு வழியாக முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தென்மேற்குப் பட்டையை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கப்பலிலிருந்து பல ஒலிக்கற்றைகளை விசிறிபோல் கடலடிக்கு அனுப்பி எதிரொலியை அளக்கும் கருவி மல்டிபீம் சோனார். அதன் எதிரொலி பலமாக இருந்தால் பாறை அல்லது சரளை, மங்கினால் நுண்மணல் என்று முதலில் பிரித்துக்கொண்டோம். தென்மேற்கில் பளிச்சென்று ஒரு பட்டை தெரிந்தது. பழைய லாவா ஓட்டமாக இருக்கும் என்று பாறை நிறம் தீட்டினேன். பாறையில் அள்ளியை (கடலடி வண்டலைக் கவ்வி எடுக்கும் தாடையுள்ள கருவி) இறக்குவது வீண் என்பதால், மாதிரி எடுக்கப் போன பயணத்தில் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் பட்டையின் விளிம்பு கப்பல் போன தடத்தோடு அப்படியே பொருந்துவதைக் கவனித்தேன். அளவெடுக்கும்போது யாரோ சோனாரின் ஒலித் துடிப்பின் நீளத்தை மாற்றியிருக்கிறார்கள். எதிரொலி அங்கே பலமாகத் தெரிந்தது அதனால்தான், பாறையால் அல்ல. பதிவுத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டால், "அதெல்லாம் எழுதுவதில்லை" என்றார்கள். நல்லவேளை, சோனாரின் அமைப்பு விவரம் அதன் மூலக் கோப்புக்குள் இருந்தது. நிறம் தீட்டும் முன் அதைத் திறந்து பாருங்கள். கப்பல் தடத்தோடு ஒட்டி ஓடும் எந்த எல்லையையும் நம்பாதீர்கள்.

மறுபடி கடலுக்குப் போனோம். அள்ளியின் தாடைகளுக்கு நடுவே ஒரு கூழாங்கல் சிக்கினால் போதும், மேலே வருவதற்குள் நுண்மணல் முழுக்கக் கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சிய கல்லைப் பார்த்து 'சரளை' என்று எழுதிவிடுவோம். வாய் மூடாமல் வந்ததை எல்லாம் கொட்டிவிட்டு, ஓர் இடத்தில் ஐந்து முறை இறக்கினேன். இன்னொரு பளிச் திட்டில் பாறையை எதிர்பார்த்தால், இளஞ்சிவப்பாக, முண்டும் முடிச்சுமாக ரோடோலித் உருண்டைகள் வந்தன. சுண்ணாம்புப் பாசி வளர்ந்து உருண்டவை. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன்.

சல்லடை வேலை சுலபம்: 2 மில்லிமீட்டருக்கு மேல் சரளை, 63 மைக்ரானுக்குக் கீழ் சேறு, நடுவில் மணல். ஆனால் இந்த மூன்றின் விகிதப்படி வண்டலை வகைப்படுத்த ஃபோக் என்ற நிலவியலாளர் 1954-இல் தந்த முக்கோண வரைபடத்தில் எங்கள் மாதிரிகள் எல்லாம் ஒரே மூலையில் குவிந்தன. அலை அடிக்கும் திட்டில் சேறு எங்கே தங்கும்? அப்புறம்தான் சுண்ணாம்பைக் கரைக்கும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்தோம். கறுப்பாகத் தெரிந்த ஒரு மணல் நுரைத்துப் பொங்கியது. உலர்த்தி எடை போட்டால் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. அத்தனையும் சிப்பித் தூள். கண்ணுக்குக் கறுப்பு என்பதால் பசால்ட் (கறுப்பு எரிமலைப் பாறை) என்று எழுதிவிடாதீர்கள். சுண்ணாம்பு விகிதத்தைத் தனி அளவாகச் சேர்த்த பிறகுதான் வகைகள் பிரிந்தன.

தென்மேற்குப் பட்டையில் அள்ளி முதல் முறையே வாய் மூடி வந்தது. உள்ளே பக்கத்து மாதிரியில் இருந்த அதே நுண்மணல், ஒரு கல்கூட இல்லை.