கடற்கரை ஊரில் லுகேமியா கணக்கெடுத்த விதம்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி பக்கத்து ஊர்களில் ரத்தப் புற்றுநோய்ப் பேச்சு எழுந்தால் விரல்கள் நேரே இயற்கைக் கதிர்வீச்சுள்ள கருமணல் பக்கம் நீளும். அதைச் சரிபார்க்க இறங்கியபோது நாங்கள் செய்த வேலை இது.

வீட்டார் சொல்லும் 'பிளட் கேன்சரில்' லுகேமியாவோடு லிம்போமா, மைலோமா என்ற வேறு வகைப் புற்றுநோய்களும் கலந்தே வரும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியும் எலும்பு மஜ்ஜை ரிப்போர்ட்டும் பார்த்த பிறகுதான் பதிவு. லுகேமியாவின் முக்கிய வகைகளான ஏஎல்எல், ஏஎம்எல், சிஎம்எல், சிஎல்எல் நான்கும் தனித்தனி. ஏஎல்எல் 2 முதல் 5 வயதில் உச்சம் தொடும்; சிஎல்எல் முதியோருக்கு வருவது, கதிர்வீச்சோடு அதற்குள்ள தொடர்புக்கு ஆதாரம் பலவீனம்.

முகவரிதான் பெரும் தொல்லை. இங்குள்ள பலர் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறார்கள். சீட்டில் அங்கே தங்கிய வாடகை அறையின் முகவரி இருக்கலாம். அதே ஆள் இங்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பதிவாகியிருப்பார், இனிஷியல் மாறியிருக்கும். பெயர், பிறந்த ஆண்டு, நோய் கண்டறிந்த மாதம் மூன்றையும் ஒப்பிட்டு இரட்டைப் பதிவை நீக்க வேண்டும். நோய் தெரியவந்தபோது குடியிருந்த ஊரும் அந்தத் தேதியும்தான் கணக்கு. இறந்த தேதியை வைத்தால் காலவரிசை குலையும்.

ஊர் எல்லையையும் ஆண்டுகளையும் முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நோயாளி வீடுகளைச் சுற்றிப் பிறகு கோடு போட்டால் எந்த ஊரும் நோய் குவிந்த கொத்தாகத் தெரியும். 15 வயதுக்குட்பட்ட 2,500 பிள்ளைகள், லட்சத்துக்கு ஆண்டுக்கு 4 பேர் என்று வைத்தால், 10 ஆண்டில் எதிர்பார்ப்பது 1. மூன்றோ அதற்கு மேலோ தற்செயலாகவே வர ஏறத்தாழ 8 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படி 50 ஊர் இருந்தால் ஏறத்தாழ நான்கு ஊர்களில் காரணமே இல்லாமல் மூன்றோ அதற்கு மேலோ வரும். ஊரார் ஏற்க மறுப்பது இதைத்தான்.

கருமணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருப்பது உண்மை. அதே மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் 30 முதல் 84 வயதுள்ள ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரி 10.5 ஆண்டு கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை; லுகேமியாவும் அப்படியே. ஆனால் அது பெரியவர்கள் கணக்கு, பிள்ளைகளுக்குப் பதிலாகாது. லுகேமியா எண்ணிக்கையும் அதில் சிறியதுதான்.

இங்கிலாந்தில் செல்லாஃபீல்டு அணு ஆலை அருகே சீஸ்கேல் கிராமத்துப் பிள்ளைகளிடம் லுகேமியா கூடியிருப்பது 1983-ல் வெளியே வந்தது. அங்கிருந்த கதிர்வீச்சு அளவு அந்தக் கூடுதலை விளக்கப் போதவில்லை. ஒதுங்கிய ஊரில் வெளியாட்கள் கூட்டமாகக் குடியேறும்போது பரவும் தொற்றுக்கு அரிதான விளைவாக இருக்கலாம் என்று 1988-ல் நோய்ப் பரவல் ஆய்வாளர் லியோ கின்லென் சொன்னார். ஆகவே குடிபெயர்வையும் படிவத்தில் கேட்டோம். லுகேமியாவுக்குப் பிற காரணங்களும் உண்டு என்பதால், பெரியவர்களிடம் பென்சீன் கலந்த கரைப்பான் வேலை, பீடி, முந்தைய கீமோ, ரேடியேஷன் எல்லாம் கேட்க வேண்டும்.

வரைபடத்தில் வீட்டுக்குப் புள்ளி வைக்கவே கூடாது, வார்டு அளவு போதும். அடையாளம் தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு அங்கேயே நிற்கும், அடுத்த வீட்டில் ரிப்போர்ட்டும் கிடைக்காது.